டோக்கன் பார்க்காமல் விடும் போன்: பூட்லோடர் அன்லாக், ரூட் பற்றி ஓர் எளிய விளக்கம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் செல்போன் கடைகளில் 'அன்லாக்' என்ற ஒரே சொல்லுக்கு நான்கு பொருள் உண்டு. பேட்டர்ன் மறந்துபோன போனைத் திறப்பது அன்லாக். ரீசெட் அடித்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்டு அடம்பிடிக்கும் போனைச் சரிசெய்வதும் அன்லாக். வெளிநாட்டிலிருந்து வந்த, அந்த நாட்டுக் கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும் போனில் நம் ஊர் சிம் வேலை செய்ய வைப்பதும் அன்லாக்தான். நான்காவது, பூட்லோடர் அன்லாக்: போனை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டைக் கிளப்பிவிடும் நிரலின் பூட்டைத் திறப்பது. முதல் மூன்றுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால், ஒன்றைக் கேட்டு இன்னொன்றை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகள் காதுகுத்துப் படங்கள் மொத்தத்தையும் அப்படித் தொலைத்த ஒருவர் எங்கள் தெருவிலேயே உண்டு.

போன மாதம் என் மச்சான் வந்தார். நாட்டுப்படகு வைத்திருக்கிறார். கையில் ஆறேழு வருடப் பழைய போன், ஜிப் கவருக்குள்.

"மாப்ள, இதுல புது ஆப் ஒண்ணும் ஏறமாட்டேங்குது. அன்லாக் பண்ணி ரூட் போட்டா புதுப் போன் மாதிரி ஆயிரும்னு கடையில சொல்றாங்க. போட்டுரவா?"

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. பூட்லோடரைத் திறப்பது ஒரு வேலை, ரூட் எடுப்பது, அதாவது போனுக்குள் முழு அதிகாரம் பெறுவது, வேறு வேலை. பெரும்பாலும் முதலாவதைச் செய்துவிட்டுத்தான் இரண்டாவதைச் செய்கிறார்கள், அதனால் ஒன்றுபோலத் தெரிகிறது. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து அங்கேயே குறைந்துவிடும். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பவர் பட்டனை அழுத்தியதும் கம்பெனியின் பெயர் திரையில் மின்னுகிறது அல்லவா, அந்தச் சில வினாடிகளுக்குள் போனுக்குள் வரிசையாகப் பல வேலைகள் நடக்கின்றன. சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பதித்த, பிறகு யாராலும் மாற்ற முடியாத ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதற்கு பூட் ரோம் என்று பெயர். அதுதான் முதலில் விழிக்கும். விழித்ததும் பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் கெர்னலை எழுப்பும். கெர்னல்தான் ஆண்ட்ராய்டின் அடித்தளம். லினக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது. அது மீதியை எழுப்பும். ஒவ்வொன்றும் அடுத்ததை எழுப்புவதற்கு முன்னால், 'நீ கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஆள்தானா?' என்று சோதிக்கும்.

ராமேசுவரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத்துறையிடம் டோக்கன் வாங்க வேண்டும். காற்று எச்சரிக்கை வந்துவிட்டால் டோக்கன் கிடையாது, படகு கரையிலேயே நிற்கும். பூட்லோடர் அந்த டோக்கன் கவுன்டர் மாதிரி. கையெழுத்து பொருந்தினால் டோக்கன், பொருந்தாவிட்டால் போன் கிளம்பாது. இந்தக் கையெழுத்து பேனாவில் போடுவது அல்ல, கணக்கில் போடுவது. போடுவதற்கான ரகசியச் சாவி கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. சரிபார்ப்பதற்கான சாவி உங்கள் போனுக்குள் இருக்கிறது. மென்பொருளில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும்.

ஆண்ட்ராய்டிலேயே இந்தச் சோதனை சேரத் தொடங்கியது 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4-இல். அப்போது கண்டிப்பு இல்லை. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோதுதான், கையெழுத்து பொருந்தாத போன் கிளம்பவே கூடாது என்ற அளவுக்குக் கறாரானது.

பூட்லோடர் அன்லாக் என்றால் இந்தக் கவுன்டரை இடித்துத் தள்ளுவது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கவுன்டர் அங்கேயேதான் இருக்கும். பூட் ரோம் வழக்கம்போல பூட்லோடரைச் சோதிக்கும். 'எந்தப் படகு வந்தாலும் விட்டுவிடு, என்ன ஆனாலும் என் பொறுப்பு' என்று நீங்கள் பூட்லோடரிடம் எழுதிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அந்த ஒப்புதலை அது மறக்காது. அன்லாக் செய்த போனில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், 'இந்தக் கருவியின் மென்பொருளைச் சரிபார்க்க முடியவில்லை' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கைத் திரை சில வினாடிகள் வந்துதான் போகும். போனின் நிலையைச் சொல்ல ஆண்ட்ராய்டில் நிறங்களே இருக்கின்றன. எல்லாம் கம்பெனி அனுப்பியபடி பூட்டியிருந்தால் பச்சை. நீங்களே உங்கள் சொந்தச் சாவியைப் பதித்துப் பூட்டியிருந்தால் மஞ்சள், ஆனால் இது வெகுசில போன்களில்தான் முடியும். அன்லாக் ஆகியிருந்தால் ஆரஞ்சு. பூட்டியிருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்கிறது என்றால் சிவப்பு. சிவப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது.

அன்லாக் செய்யும் அந்த நொடியில் போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். படம், தொடர்பு எண், வாட்ஸ்அப் எல்லாமே. இது கோளாறு என்று நினைத்துக் கோபப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோளாறே இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் போன் படகுத்துறையில் விழுந்து யாரோ கையில் கிடைக்கிறது என்று வையுங்கள். திரைப்பூட்டு இருப்பதால் அவரால் உள்ளே போக முடியாது. ஆனால் அழியாமல் பூட்லோடரைத் திறக்க முடியுமென்றால், தனக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றி, பூட்டைச் சுற்றி உள்ளே போகப் பார்ப்பார். அதனால்தான் திறந்ததும் தரவு போய்விட வேண்டும் என்ற விதி. அந்தத் தெருக்காரரின் காதுகுத்துப் படங்கள் போனதற்கும் இதுதான் காரணம். அவருக்கு அப்படி ஆகும் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, ரூட்டுக்கு வருவோம்.

ராமேசுவரத்தில் கோயிலைச் சுற்றி எத்தனை லாட்ஜ்கள். ஒரு லாட்ஜில் முப்பது அறை இருந்தால் முப்பது குடும்பம் தங்கும். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அறைச் சாவி மட்டும். பக்கத்து அறைக்குள் போக முடியாது. மேனேஜரிடம் மட்டும் எல்லா அறையையும் திறக்கும் மாஸ்டர் சாவி. ஆண்ட்ராய்டும் அப்படித்தான். நீங்கள் ஏற்றும் ஒவ்வோர் ஆப்புக்கும் அது ஓர் அடையாள எண் கொடுத்து ஓர் அறையில் தங்க வைக்கிறது. 10000-இலிருந்து அந்த எண்கள் தொடங்கும். வங்கி ஆப்பின் அறைக்குள் விளையாட்டு ஆப் எட்டிப் பார்க்க முடியாது. போனின் சொந்தக்காரரான உங்களிடமும் மாஸ்டர் சாவி இல்லை. நீங்களும் ஒரு விருந்தாளிதான். மேனேஜரின் எண் 0. அதன் பெயர்தான் ரூட். போனை ரூட் செய்வது என்றால் அந்த 0 எண்ணின் அதிகாரத்தை நீங்கள் கேட்கும்போது பெற ஒரு வழி வைப்பது.

ஆகவே, பூட்லோடர் என்பது போன் எதைக் கொண்டு கிளம்ப வேண்டும் என்ற கேள்வி. ரூட் என்பது கிளம்பிய பிறகு உள்ளே யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி. பூட்லோடரைத் திறந்துவிட்டு ரூட் எடுக்காமலே காலம் முழுக்க இருக்கலாம். பூட்லோடரைத் தொடாமல் ரூட் எடுப்பதும் ஒரு காலத்தில் சுலபமாக நடந்தது. 2014-இல் டவல்ரூட் என்று ஓர் ஆப் வந்தது. கெர்னலில் இருந்த ஒரு ஓட்டையைப் பிடித்து ஒரே பட்டனில் ரூட் கொடுத்தது. ஓட்டை அடைபட்டதும் அது ஓய்ந்தது. அதற்கும் முன்னால், 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1-இல் ஒரு வினோதமான பிழை இருந்தது. கீபோர்டில் எதைத் தட்டினாலும், பின்னணியில் ரூட் அதிகாரத்தோடு ஒரு கட்டளையாகவும் அது போய்ச் சேர்ந்தது. யாருக்காவது அனுப்ப 'ரீபூட்' என்று டைப் செய்து என்டர் தட்டினால் போன் உண்மையிலேயே ரீபூட் ஆகிவிடும். எல்லா அறையும் திறந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போதைய வழக்கம் வேறு. மேஜிஸ்க் என்ற கருவி 2016-இல் வந்தது. உங்கள் போனின் கெர்னல் இருக்கும் பூட் கோப்பை எடுத்து, அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து திரும்பப் போனில் ஏற்றுகிறார்கள். ஏற்றுவதைத்தான் ஃப்ளாஷ் அடிப்பது என்கிறோம். கோப்பு மாறியதால் கம்பெனிக் கையெழுத்து பொருந்தாது, பூட்டிய பூட்லோடர் அதை விடாது. அதனால்தான் முதலில் அன்லாக், பிறகு ரூட் என்ற வரிசை. ரூட் எடுத்த பிறகு ஏதாவது ஆப் மாஸ்டர் சாவியைக் கேட்டால், கொடுக்கவா என்று உங்களிடம் கேட்கும். பார்க்காமல் 'சரி' அழுத்தினால், அந்த ஆப் இனி உங்கள் போனில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியும் அதில் அடங்கும்.

இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் செய்கிறார்கள்? ஒரு காலத்தில் தமிழுக்காகவே செய்தோம். 2010, 2011 வாக்கில் பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓப்பரா மினி உலாவியில் எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும் ஓர் அமைப்பை ஆன் செய்து பக்கங்களைப் படித்தோம். அது உலாவிக்கு மட்டும்தான். போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டுமென்றால், எழுத்துருக் கோப்பை ஆண்ட்ராய்டின் உள்கோப்புறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்தக் கோப்புறையில் கைவைக்க ரூட் வேண்டும். அம்மாவின் பெயர் தொடர்புப் பட்டியலில் தமிழில் தெரிந்த அன்று நான் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இன்று வாங்கும் எந்தப் போனிலும் தமிழ் தானாகவே தெரிகிறது, அந்தக் காரணம் போய்விட்டது.

இன்றும் மிஞ்சியிருக்கும் வலுவான காரணம், கம்பெனி கைவிட்ட போனுக்கு ஆயுள் கொடுப்பது. வன்பொருள் நன்றாக இருக்கும், ஆனால் அப்டேட் நின்றிருக்கும். அப்படிப்பட்ட போன்களுக்காகத் தன்னார்வலர்கள் ஆண்ட்ராய்டைத் தாங்களே கட்டித் தருகிறார்கள். 2009-இல் தொடங்கிய சயனோஜென்மாட் 2016 இறுதியில் மூடப்பட்டது. அதிலிருந்து பிறந்த லினியேஜ்ஓஎஸ் இன்றும் நடக்கிறது. கவனியுங்கள், இதற்கு பூட்லோடர் திறந்தால் போதும், ரூட் தேவையே இல்லை. மச்சானுக்கு வேண்டியிருந்ததும் இதுதான். கடைக்காரர் ரூட்டையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

மற்றபடி ரூட் கேட்டு வருகிறவர்களுக்குப் பாதி நேரம் ரூட் தேவைப்படுவதில்லை. கம்பெனி திணித்த ஆப்களைப் பெரும்பாலும் செட்டிங்ஸிலேயே முடக்கலாம். விளம்பரம் குறைய, ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கும் பிரைவேட் டிஎன்எஸ் வசதியில், விளம்பரங்களைத் தடுக்கும் ஒரு முகவரியைப் போட்டால் போதும். கடலில் சிக்னல் இல்லாத இடத்தில் இடம் பார்க்க ஜிபிஎஸ்ஸுக்கு ரூட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சரி.

இழப்பது என்ன என்று கேட்டால், முதலில் பணம் புழங்கும் ஆப்கள். கூகுளின் பிளே இன்டக்ரிட்டி என்ற சோதனை, இந்தப் போன் கம்பெனி விட்டபடியே இருக்கிறதா என்று பார்த்து ஆப்புக்குச் சொல்லிவிடும். ஆரஞ்சு நிலையில் உள்ள போனில் வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் பல திறக்காது. இதை மறைக்க வித்தைகள் இருக்கின்றன. இன்று வேலை செய்யும், நாளை கூகுள் சோதனையை மாற்றும், நின்றுவிடும். மீன் ஏலம் போய், வியாபாரி காசு போடுகிற நேரத்தில் ஆப் திறக்கவில்லை என்றால், கரையில் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும்? அதனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வருமானம் வந்து விழும் போனில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சாம்சங் போன்களில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அன்லாக் செய்து வேறு மென்பொருளை ஏற்றினால் உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் போய்விடும். பிறகு பழையபடி பூட்டினாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே போன்றவை அந்தப் போனில் இனி ஓடாது. வாரன்டியும் பெரும்பாலும் போனதுதான். சில போன்களில் ஓடிடி படங்களும் உயர்தரத்தில் வராமல் மங்கலாக வரும்.

எல்லாக் கம்பெனியும் திறக்க விடுவதில்லை. ஹுவாய் 2018-இல் அன்லாக் குறியீடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஷாவ்மி பல வருடங்களாக விண்ணப்பித்துவிட்டு 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது, பிறகு இன்னும் இறுக்கியது. கூகுள் பிக்சலில் சுலபம். ஆனால் அமெரிக்காவில் வெரைசன் கம்பெனி விற்ற பிக்சல் என்றால் அந்த ஸ்விட்ச் மங்கிக் கிடக்கும், தொட்டாலும் அசையாது. கீழக்கரை பக்கம் வெளிநாட்டிலிருந்து வரும் போனை இதற்காகவே வாங்குகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன் அந்த ஸ்விட்சை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். 'அன்லாக் போன்' என்று விற்பவர் சொல்வது சிம் அன்லாக்கை மட்டுமே.

அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்றால், செட்டிங்ஸில் 'அபவுட் போன்' உள்ளே பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று புதிய பட்டியல் திறக்கும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, போனை அணைத்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடித்தால் பல போன்களில் ஃபாஸ்ட்பூட் என்ற கறுப்புத் திரை வரும். பிறகு கேபிளில் கணினியோடு இணைத்து 'ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், உங்கள் மாடலுக்கான வழியைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

மச்சானின் போனில் நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். போனைக் கேபிளில் செருகினேன். சார்ஜ் ஏறியது, கணினிக்கு மட்டும் போன் தெரியவில்லை. கேபிளை மாற்றினேன், அப்போதும் தெரியவில்லை. பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சார்ஜ் துளைக்குள் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. கடல் உப்பு. கரன்ட் போகும் கம்பியும் தகவல் போகும் கம்பியும் தனித்தனி என்பதால், தகவல் கம்பி அரித்துப்போனாலும் சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், நமக்குச் சந்தேகமே வராது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் மெதுவாகச் சுரண்டி எடுத்த பிறகு கணினி கண்டுபிடித்தது. கட்டளை கொடுத்தேன். 'உண்மையிலேயே திறக்கவா?' என்ற திரை வந்தது. அந்தத் திரையில் விரல் வேலை செய்யாது. வால்யூம் பட்டனால் 'ஆம்' வரைக்கும் நகர்த்தி, பவர் பட்டனால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். வால்யூம் பட்டன் அசையவில்லை. அதன் இடுக்கிலும் உப்புப் பூத்திருந்தது. நல்லவேளையாக, அந்த இடத்தில் போனை அணைத்தால் எந்தக் கெடுதலும் இல்லை. ஒப்புக்கொள்ளும் வரை எதுவும் மாறுவதில்லை. பட்டனைச் சுத்தம் செய்து மறுநாள்தான் முடித்தேன். நம் கரையில் இந்த வேலையில் இறங்குகிறவர்கள் துளையையும் பட்டனையும் முதலில் பாருங்கள். டெஸ்க்டாப் கணினியில் செய்யாமல் லேப்டாப்பில் செய்யுங்கள். ஃப்ளாஷ் பாதியில் ஓடும்போது கரன்ட் போனால் போன் அரைகுறையாக நின்றுவிடும்.

அந்தச் சிவப்புத் திரையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. சில வருடங்களுக்கு முன் என் சொந்தப் போனில் வேறு ஆண்ட்ராய்டு ஏற்றி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு எச்சரிக்கை உறுத்துகிறது என்று, பழையபடி பூட்டிவிட்டால் போகுமே என்று நினைத்து, பூட்டும் கட்டளையைக் கொடுத்தேன். கவுன்டர் திரும்பக் கறாராகிவிட்டது. உள்ளே இருந்ததோ கம்பெனிக் கையெழுத்து இல்லாத மென்பொருள். போன் கிளம்ப மறுத்து, சிவப்பு எச்சரிக்கையிலேயே நின்றது. திரும்பத் திறக்கலாம் என்றால் அதற்கான ஸ்விட்ச் ஆண்ட்ராய்டுக்குள் இருக்கிறது, ஆண்ட்ராய்டுக்குள் போக முடியவில்லை. அந்தப் போனை என்னால் மீட்க முடியவில்லை. இதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்: பூட்டுவதற்கு முன் கம்பெனியின் அசல் மென்பொருளை முழுதாகத் திரும்ப ஏற்றியிருக்க வேண்டும். அதுவும் ஏற்கெனவே இருந்ததைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் எண் ஒன்று பல போன்களின் சிப்பில் ஏறிக்கொண்டே போகும், இறங்காது.

செய்வதென்று முடிவெடுத்தவர்களில் விசைப்படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நல்ல நேரம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம். ஒரு வாரம் போன் படுத்தாலும் தொழில் நிற்காது. ஃபோட்டோக்களைக் கணினியிலும் ஒரு மெமரி கார்டிலும் என இரண்டு இடத்தில் எடுத்து வைத்து, திறந்தும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் பேக்கப் எந்தத் தேதியோடு நிற்கிறது என்றும் பாருங்கள்.

மச்சானின் பழைய போனில் இப்போது லினியேஜ்ஓஎஸ் ஓடுகிறது. அவருடைய மாடல் அவர்கள் பட்டியலில் இருந்ததால்தான் அது முடிந்தது. ரூட் எடுக்கவில்லை. மன்னார் வளைகுடா வரைபடத்தை இறக்கிக் கொடுத்தேன், வானிலை பார்க்கிறார், பாட்டுக் கேட்கிறார். சிம்மும் ஜிபேயும் அவர் மனைவி வாங்கிக் கொடுத்த இன்னொரு சின்ன போனில், பூட்டியபடியே. ஆன் செய்யும்போதெல்லாம் அந்த ஆரஞ்சு எழுத்து வருகிறதே, அது ஏன் என்று படகில் கூட வரும் பையன் கேட்டானாம்.

"டோக்கன் பாக்காம விட்டிருக்குடா, அதைத்தான் சொல்லுது" என்று சொன்னேன் மாப்ள, என்றார்.